இல்லம்சார் கல்வி: தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு?

பள்ளி வயதுக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக ஒவ்வோர் ஆண்டும் நாம் வீடு வீடாகச் செல்கிறோம். பெரும்பாலான வீடுகளில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பெயர், வயது, படிக்கும் பள்ளி, அவ்வளவுதான். சில வீடுகளில் மட்டும் தாய் சற்றுத் தயங்குவார். உள்ளறையில் பாயில் ஒரு குழந்தை படுத்திருக்கும். "இவன் எங்க டீச்சர் பள்ளிக்கூடம் வரப் போறான், வீட்டுலயே இருக்கட்டும்" என்பார். நாமும் குறிப்புரைக் கட்டத்தில் 'வீட்டில் உள்ளார்' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவோம்.

சட்டத்தின்படி 'வீட்டில் உள்ளார்' என்று ஒரு நிலையே கிடையாது. அந்தக் குழந்தை அருகமைப் பள்ளியில் படிக்க வேண்டும், அல்லது சிறப்புப் பள்ளியில் படிக்க வேண்டும், அல்லது ஒரு பள்ளியின் பதிவேட்டில் பெயர் இருக்க, வீட்டில் இருந்தபடியே கல்வி பெற வேண்டும். இந்த மூன்றில் எது என்பதை யார் முடிவு செய்வது, எந்த அடிப்படையில் செய்வது என்பதில் நம்மிடையே நிறையக் குழப்பம் இருக்கிறது. குறுவளமையக் கூட்டங்களில் இதைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 'எண்பது சதவீதத்துக்கு மேல் ஊனம் இருந்தால் வீட்டில்தான் இருக்க வேண்டும்' என்பார் ஒருவர். 'பெற்றோர் எழுதிக் கொடுத்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது' என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு. ஏன் தவறு என்பதைச் சட்ட வாசகங்களின் துணையோடு பார்க்கலாம்.

மூன்று சட்டங்கள், ஒரு குழந்தை

முதலாவது, நாம் நன்கறிந்த இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. இது 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில் தொடக்கக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. முதலில் இயற்றப்பட்டபோது இச்சட்டத்தில் மாற்றுத்திறனுடைய குழந்தைகளைப் பற்றிய பகுதி மிகச் சிறியதாகவே இருந்தது. அவர்களது அமைப்புகளும் பெற்றோரும் தொடர்ந்து வலியுறுத்தியதன் பின்னர் 2012-இல் திருத்தச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனுடைய குழந்தைகள் 'நலிவுற்ற பிரிவினர்' என்ற வரையறைக்குள் சேர்க்கப்பட்டதும், தனியார் பள்ளிகளின் 25 விழுக்காடு இடங்களில் அவர்களும் உரிமை கோர முடிந்ததும் இந்தத் திருத்தத்தால்தான்.

நமது தலைப்புக்கு உரியதும் இதே திருத்தத்தில்தான் இருக்கிறது. பிரிவு 3-இன் மூன்றாம் உட்பிரிவில் சேர்க்கப்பட்ட காப்புரையில், பல்வகை ஊனமுள்ள குழந்தைக்கும் கடும் ஊனமுள்ள குழந்தைக்கும் இல்லம்சார் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை'யும்' உண்டு என்று கூறப்பட்டுள்ளது. அந்த 'உம்' விகுதியைக் கவனியுங்கள். இலக்கணத்தில் எச்ச உம்மை என்று நாம் கற்பிப்பதுதான் இது. பள்ளிக்கு வரும் உரிமை ஏற்கெனவே இருக்கிறது. அதோடு சேர்த்து இதுவும் இருக்கிறது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிக்கும் வாசகம் அன்று. 'தேர்ந்தெடுக்கும்' என்ற சொல்லும் முக்கியமானது. தேர்ந்தெடுப்பவர் குழந்தையும் குழந்தையின் சார்பில் பெற்றோரும். பள்ளிக்கோ, தலைமை ஆசிரியருக்கோ, வட்டார வள மையத்துக்கோ அந்த இடத்தில் வேலை இல்லை.

இரண்டாவது சட்டம், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். புற உலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவை உள்ளவர்களின் நலனுக்காக இயற்றப்பட்டது. 'பல்வகை ஊனம்', 'கடும் ஊனம்' என்ற சொற்களின் பொருளை இந்தச் சட்டத்தில் இருந்துதான் கல்வி உரிமைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்திருப்பது பல்வகை ஊனம். அது 80 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் கடும் ஊனம். குறுவளமையக் கூட்டத்தில் நண்பர் சொன்ன 'எண்பது சதவீதம்' இங்கிருந்து வந்ததுதான். ஆனால் இல்லம்சார் கல்வியை யார் கேட்கலாம் என்பதைச் சொல்லவே அந்த எண் இருக்கிறது. யாரைப் பள்ளியில் சேர்க்காமல் விடலாம் என்பதற்கான அளவுகோலாக அதைப் பயன்படுத்தச் சட்டத்தில் எங்கும் இடமில்லை. 90 விழுக்காடு சான்றிதழ் வைத்திருக்கும் குழந்தையின் தந்தை, "எம் பொண்ணு பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவா" என்று சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்தது. சேர்க்கைப் படிவத்தை எடுக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் இதனால் நீக்கப்பட்டது. பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தாம் இருந்தன. இப்போது 21. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு, தலசீமியா, ஹீமோபிலியா, அமில வீச்சால் பாதிக்கப்பட்டோர் எனப் பட்டியல் நீண்டிருக்கிறது. இச்சட்டத்தின் பிரிவு 31 நாம் ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய ஒன்று. கல்வி உரிமைச் சட்டத்தில் என்ன சொல்லப்பட்டிருந்தாலும், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையான ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு என்கிறது அது. 14 என்ற எல்லை இந்தக் குழந்தைகளுக்கு 18 ஆகிறது. எட்டாம் வகுப்போடு கடமை முடிந்தது என்று நடுநிலைப் பள்ளியும் சொல்ல முடியாது, ஒன்பதாம் வகுப்பில் இடமில்லை என்று உயர்நிலைப் பள்ளியும் சொல்ல முடியாது.

2016 சட்டத்தின் கல்வி அத்தியாயத்தில் இல்லம்சார் கல்வி என்ற சொல்லே இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அந்தச் சட்டம் முழுக்க உள்ளடங்கிய கல்வியைப் பற்றித்தான் பேசுகிறது. பள்ளி தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் போக்கு. வீட்டில் இருந்து படிப்பது ஒரு விதிவிலக்கு. அந்த விதிவிலக்கு கல்வி உரிமைச் சட்டத்தின் ஒரு காப்புரையில் மட்டும் நிற்கிறது. இந்த வரிசையைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

'சம்மதக் கடிதம்' என்னும் தாள்

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். சில பள்ளிகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனுடைய குழந்தையைச் சேர்க்கப் பெற்றோர் வரும்போது, இன்முகத்தோடு உட்கார வைத்து, "இங்க பசங்க ஓடிப் பிடிச்சு விளையாடுவாங்க, தள்ளி விட்டுட்டா யாரு பொறுப்பு? வீட்டுக்கே வந்து சொல்லித் தர ஏற்பாடு இருக்கும்மா" என்று சொல்வார்கள். கூடவே ஒரு வெள்ளைத்தாளில், 'என் குழந்தையை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கச் சம்மதிக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள்.

நான் அறிந்த ஒரு சிறுமிக்கு இப்படித்தான் நடந்தது. மூளை முடக்குவாதம். கால்கள் இரண்டும் விறைப்பு. பேச்சு குழறும், ஆனால் நாம் சொல்வது அனைத்தும் புரியும். சுவரில் ஒட்டியிருந்த நாட்காட்டியில் எண்களைத் தானாகவே கற்றுக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்து பள்ளி இரண்டு தெரு தள்ளித்தான். ஆறு வயதில் அந்தத் தாள் எழுதி வாங்கப்பட்டது. ஒன்பது வயதில்தான் அவள் முதன்முதலாக வகுப்பறைக்குள் வந்தாள். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் ஒருவர் அவள் தாயிடம் பொறுமையாகப் பேசி, சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்து, எங்கள் பள்ளிக்கு அழைத்து வந்தார். தாயிடம், "ஏம்மா அன்னைக்குக் கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டேன். "பெரியவங்க சொன்னாங்க, சட்டம் அப்படித்தான்னு நெனச்சேன் டீச்சர்" என்றார்.

அந்த மூன்று ஆண்டுகளை இனி யாராலும் அவளுக்குத் திருப்பித் தர முடியாது. அந்தத் தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? எதுவும் இல்லை. அரசியலமைப்பின் 21-அ உறுப்பு தரும் அடிப்படை உரிமையைக் குழந்தையின் சார்பில் பெற்றோர் எழுதிக் கொடுத்து விட்டுவிட முடியாது. மாறாக, கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 10, குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது; அரசியலமைப்பின் 51-அ உறுப்பும் அதைச் சொல்கிறது. 2016 சட்டத்தின் பிரிவு 16, மாற்றுத்திறனுடைய குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்று அரசின் நிதி பெறும், அரசால் அங்கீகரிக்கப்பட்ட எல்லாக் கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. மீறினால் பிரிவு 89-இன் கீழ் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. சம்மதக் கடிதம் நம்மைக் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். விசாரணை என்று வந்தால், பள்ளி அந்தக் குழந்தையை மறுத்தது என்பதற்கு அந்தத் தாளே சான்றாக நிற்கும்.

பெற்றோர் உண்மையாகவே விரும்பி இல்லம்சார் கல்வியைக் கேட்கும் நிலை வேறு. அப்போது விண்ணப்பம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன்னர் அவர்களுக்கு என்னென்ன வழிகள் உள்ளன என்று முழுமையாகச் சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக்கு வந்தால் போக்குவரத்துப் படி, துணையாளர் படி கிடைக்கும். சக்கர நாற்காலி, காலணி, செவித்துணைக் கருவி ஆகியவை மருத்துவ மதிப்பீட்டு முகாம் வழியாகக் கிடைக்கும். சாய்தளமும் தகுந்த கழிப்பறையும் செய்து தர வேண்டியது நம் கடமை. இவற்றையெல்லாம் கேட்ட பிறகும் அவர்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தால் அது தேர்வு. வேறு வழியே தெரியாமல் தலையாட்டினால் அதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

முதலில் பள்ளியை மாற்றிப் பார்ப்போம்

2016 சட்டம் 'நியாயமான தகவமைவு' என்ற கருத்தை முன்வைக்கிறது. அளவுக்கு மீறிய சுமையை ஏற்படுத்தாத, ஆனால் அந்தக் குழந்தைக்குத் தேவையான மாற்றத்தைச் செய்து தருவது என்று பொருள். பிரிவு 16-இல் இது பள்ளியின் கடமையாக வைக்கப்பட்டுள்ளது. இல்லம்சார் கல்வி பற்றிய பேச்சு எழும் பல நேரங்களில், உண்மையில் தேவைப்படுவது இதுதான்.

தசைச் சிதைவு நோயுள்ள சிறுவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். டூஷேன் வகையில் ஐந்து, ஆறு வயது வரை சற்றுத் தடுமாறி நடப்பார்கள். மூன்றாம், நான்காம் வகுப்பில் அடிக்கடி விழுவார்கள். பத்து, பன்னிரண்டு வயதளவில் நடை நின்றுவிடும். அறிவில் பெரும்பாலோருக்குக் குறை ஏதுமில்லை. ஆறாம் வகுப்பு மாடியில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் இப்படிப்பட்ட மாணவன் வீட்டோடு நின்றுபோவது எத்தனை பள்ளிகளில் நடக்கிறது! ஆறாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கும், கீழ்த்தளத்தில் உள்ள வேறொரு வகுப்பை மாடிக்கும் மாற்ற அரை நாள் போதும். அரசாணை தேவையில்லை. நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. மேசை நாற்காலிகளைத் தூக்கப் பத்து மாணவர்கள் போதும், அவர்களுக்கு அது கொண்டாட்டமும்கூட.

வலிப்பு வரும் குழந்தை, சிறுநீர்க் கட்டுப்பாடு இல்லாத குழந்தை, திடீரென்று கத்தும் ஆட்டிசக் குழந்தை ஆகியோரின் நிலை இவ்வளவு எளிதன்று, ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளைக் கவனிக்கும் தொடக்கப் பள்ளியில் இருப்பவரிடம் 'நியாயமான தகவமைவு' என்று சொன்னால் அவருக்குக் கோபம்தான் வரும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கான விடை குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதில் இல்லை, ஆள் கேட்பதில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் அளித்த தீர்ப்பில், தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறனுடைய மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை வகுத்தது. நம் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வாரத்துக்கு ஒருநாள்கூட வர முடியவில்லை என்றால், அதை எழுத்து மூலம் கேட்க இந்தத் தீர்ப்பு நமக்குத் துணை நிற்கும்.

அழைத்து வர ஆள் இல்லை, வண்டி இல்லை என்பது அடுத்த காரணம். அதிக ஆதரவு தேவைப்படும் குழந்தைக்கும் அதன் உதவியாளருக்கும் போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும் என்பது அதே பிரிவு 16-இல் இருக்கிறது. தாய் காலையில் நூறு நாள் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது என்பதால் பள்ளிக்கு வராமல் போன குழந்தைகள் உண்டு. இத்தகைய வீடுகளில் பேச வேண்டியது ஆட்டோவைப் பற்றித்தான். குழந்தையின் இயலாமையைப் பற்றி அன்று.

இல்லம்சார் கல்வி முடிவான பிறகு

தலை நிற்காத, உட்கார முடியாத, குழாய் வழியே உணவு பெறும் குழந்தைகள் இருக்கிறார்கள். நோய்த்தொற்று ஆபத்தால் கூட்டத்தில் இருக்கக் கூடாத குழந்தைகளும் இருக்கிறார்கள். இவர்களது பெற்றோர் இல்லம்சார் கல்வியைத் தேர்ந்தெடுக்கும்போது, அது முழுமையான கல்வியாக இருக்க வேண்டும்.

முதல் விதி, பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். அருகமைப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலும், எமிஸ் தளத்திலும், வயதுக்கேற்ற வகுப்பில் குழந்தையின் பெயர் இருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 4, பள்ளியிலேயே சேராத குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. 14 வயதைத் தாண்டினாலும் தொடக்கக் கல்வி முடியும்வரை இலவசக் கல்வி உண்டு என்றும் சொல்கிறது. பிறப்புச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோ தனித்துவ அடையாள அட்டையோ இன்னும் வரவில்லை என்பதும் சேர்க்கைக்குத் தடையாகாது. அட்டைக்கு விண்ணப்பிக்க நாமே உதவலாம். சேர்க்கையை அதற்காக நிறுத்தி வைக்கக் கூடாது.

பதிவேட்டில் பெயர் இருந்தால் பாடநூல், குறிப்பேடு, சீருடை, புத்தகப்பை எனப் பள்ளி மாணவருக்கு உரிய அனைத்தும் இந்தக் குழந்தைக்கும் உரியவை. சீருடை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். படுக்கையில் இருக்கும் பிள்ளைக்குத் திங்கள்கிழமை காலையில் அந்தச் சீருடையைப் போட்டுவிடும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். 'படுத்திருக்கிற குழந்தைக்குச் சீருடை எதற்கு' என்று கேட்ட ஒருவரும் நம்மிடையே இருந்தார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 1 முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள மாற்றுத்திறனுடைய மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்ற அளவில் உள்ளடங்கிய கல்விக்கு நிதி கணக்கிடப்படுகிறது. மாணவியருக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகை தனி. சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வந்து பயிற்சி அளிப்பதும் இந்தத் திட்டத்தில்தான்.

இங்கு வகுப்பாசிரியரின் பங்கு என்ன? 'சிறப்பாசிரியர் பார்த்துக்கொள்வார்' என்பதே நம்மில் பலரது எண்ணம். ஒரு வட்டாரம் முழுவதற்கும் அலையும் சிறப்பாசிரியர்கள் பேருந்து இறங்கி, வெயிலில் நடந்து, ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுகிறார்கள். ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனை மதிப்பிடுவதும், அதற்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பதும், பெற்றோரைச் சந்தித்து முன்னேற்றத்தைச் சொல்வதும் ஆசிரியரின் கடமைகள் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 24 சொல்கிறது. வீட்டில் இருக்கும் மாணவருக்கு அது பொருந்தாது என்று எங்கும் எழுதப்படவில்லை. நம் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர் நம் மாணவரின் பெயர்தான்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? சிறப்பாசிரியரோடு உட்கார்ந்து அந்தக் குழந்தைக்கான தனிநபர் கல்வித் திட்டத்தைப் படிக்கலாம். பருவத்துக்கு ஓரிரு இலக்குகள் போதும். தன் பெயரைக் கேட்டால் திரும்பிப் பார்ப்பது, வேண்டும் வேண்டாம் என்பதைக் கண்ணசைவால் காட்டுவது, கரண்டியைப் பிடிப்பது என்பவையும் இலக்குகளே. அவை எட்டப்பட்டனவா என்பதைப் பதிவு செய்வதே அந்தக் குழந்தைக்கான தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு. வளரறி மதிப்பீட்டுக்கு நாம் வைத்திருக்கும் அதே பதிவேட்டில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.

வகுப்புத் தோழர்கள் மாதம் ஒருமுறையாவது அந்த வீட்டுக்குப் போய்வரட்டும். முடிந்தால் சுதந்திர தினம், குழந்தைகள் தினம், ஆண்டு விழா ஆகியவற்றுக்கு அந்தக் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்து வரலாம். வட்டார வள மையத்தில் பள்ளி ஆயத்தப் பயிற்சி மையம் இயங்கினால் வாரத்தில் சில நாள்கள் அங்கே சென்று வருவதும் ஒரு வழி. இல்லம்சார் கல்வி நிரந்தர முகவரி அன்று. ஆண்டுதோறும் மே மாதத்தில், 'இந்த ஆண்டு பள்ளிக்கு வர முடியுமா?' என்று பெற்றோரிடம் கேட்க வேண்டும். தொடர்ந்த பயிற்சியால் கழுத்து நின்று, உட்காரப் பழகி, இரண்டு மூன்று ஆண்டுகளில் வகுப்பறைக்கு வந்த குழந்தைகள் உண்டு. கேட்காமல் விட்டால் ஒன்றாம் வகுப்பில் எழுதிய 'இல்லம்சார்' என்ற சொல் எட்டாம் வகுப்பு வரை அப்படியே நகலெடுக்கப்படும்.

நீண்ட நாள் வரவில்லை என்று பெயர் நீக்குவதும், மாற்றுச் சான்றிதழை நாமாகவே கொடுத்து அனுப்புவதும் கூடவே கூடாது. தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்பது பிரிவு 16. எட்டாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சான்றிதழ் தர வேண்டும் என்பது பிரிவு 30. இரண்டும் இல்லம்சார் மாணவருக்கும் பொருந்தும்.

பெற்றோரே முழுமையாகக் கற்பிக்க விரும்பினால்

நகர்ப்புறப் பள்ளி ஆசிரியர்கள் இந்தக் கேள்வியை இப்போது அதிகம் சந்திக்கிறார்கள். ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ உள்ள குழந்தை பள்ளியில் கேலிக்கு ஆளாகிறது, பெற்றோர் படித்தவர்கள், 'இனி நாங்களே வீட்டில் சொல்லிக் கொடுத்துக்கொள்கிறோம், பள்ளியே வேண்டாம்' என்கிறார்கள். இது மேலே சொன்ன இல்லம்சார் கல்வி அன்று. அங்கே பள்ளியின் பதிவேட்டில் பெயர் இருக்கும், அரசு ஆசிரியர் வருவார். இங்கே பள்ளியோடு தொடர்பே இருக்காது.

நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. வீட்டில் கற்பிப்பதைப் பதிவு செய்யும் முறையோ, அனுமதி வழங்கும் அதிகாரியோ இல்லை. பிரிவு 10 பெற்றோரின் கடமையைச் சொன்னாலும், தவறினால் தண்டனை என்று எதையும் வைக்கவில்லை. அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் தன் குழந்தைக்குத் தானே கற்பிக்கும் பெற்றோர் பள்ளி நடத்துபவர் ஆகமாட்டார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பள்ளி நேரத்தில் வகுப்பு எடுக்கத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும்.

இத்தகைய பெற்றோரிடம் நாம் தெளிவாகச் சொல்ல வேண்டியவை சில. பள்ளியை விட்டு விலகினால் பாடநூல், உதவித்தொகை, சிறப்பாசிரியர் வருகை ஆகியவற்றின் தொடர்பு அறுந்துபோகும். சான்றிதழுக்கு வேறு வழி தேட வேண்டும். நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதலாம். அல்லது தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்ததும் பத்தாம் வகுப்புக்கு நிகரான படிப்பில் சேரலாம். அங்கே ஒருமுறை பதிவு செய்தால் 5 ஆண்டுகளுக்குள் 9 முறை தேர்வு எழுத வாய்ப்பு உண்டு; ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு இது நல்ல வழிதான். திரும்பிப் பள்ளிக்கு வர விரும்பினால் பிரிவு 4-இன்படி எந்த நாளிலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.

கூடவே நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் குழந்தை வீட்டுக்குப் போனது பெற்றோரின் கல்விக் கொள்கையாலா, நம் வகுப்பறையில் கிடைத்த கேலியாலா? உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது பிரிவு 17. எழுத்தை மாற்றி மாற்றி எழுதும் பிள்ளையின் குறிப்பேட்டை வகுப்பின் முன் தூக்கிக் காட்டிச் சிரிக்க வைப்பதும் அதில் அடங்கும். கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிந்து தகுந்த கற்பித்தல் முறையைக் கையாள்வது பள்ளியின் கடமை என்கிறது 2016 சட்டத்தின் பிரிவு 16.

உயர்நிலை, மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு

பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் நாம் அறிந்தவையே. 2016 சட்டத்தின் பிரிவு 17 இவற்றுக்கு அடிப்படை. இவற்றுக்கான விண்ணப்பத்தை மருத்துவச் சான்றோடு உரிய காலத்தில் அனுப்ப வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் ஓடினால் நடக்காது. இல்லம்சார் மாணவர் எவரேனும் பத்தாம் வகுப்பு எழுதும் நிலையில் இருந்தால் ஒன்பதாம் வகுப்பிலேயே இதைத் தொடங்கிவிடுவது நல்லது.

18 வயதை நெருங்கும் மாணவரின் பெற்றோரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். 18 நிறைந்ததும் சட்டப்படி பெற்றோர் காப்பாளர் அல்லர். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டபூர்வக் காப்பாளர் நியமனம் பெறலாம். தேசிய அறக்கட்டளையின் 'நிரமயா' மருத்துவக் காப்பீடும் இந்நான்கு பிரிவினருக்கே. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. நான் பேசிய பெற்றோரில் பெரும்பாலோர் இவ்விரண்டையும் கேள்விப்பட்டதே இல்லை.

முறையீடு செய்ய வேண்டியிருந்தால் வழிகள் உள்ளன. கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 32-இன்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் செல்லலாம். மாற்றுத்திறனுடைய குழந்தைகளின் சேர்க்கையையும் வசதிகளையும் கவனிக்க மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. உங்கள் மாவட்டத்தில் அவர் யார் என்று தெரிந்துகொண்டு, தொலைபேசி எண்ணைத் தலைமை ஆசிரியர் அறையின் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். பெற்றோர் கண்ணில் படும் இடமாக இருக்கட்டும்.

அடுத்த கணக்கெடுப்புக்குப் போகும்போது, 'வீட்டில் உள்ளார்' என்று சென்ற ஆண்டு எழுதப்பட்ட பெயர்களைத் தனித்தாளில் எடுத்துச் செல்லலாம். அந்த வீடுகளுக்கு ஐந்து நிமிடம் போதாது. உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். சிறப்பாசிரியரையும் உடன் அழைத்துச் செல்ல முடிந்தால் நல்லது. சேர்க்கைப் படிவம் ஒன்றும் பையில் இருக்கட்டும்.